‘ஓம்’ என்றால் விளங்கியதென்று அர்த்தமா? – முடிவெடுக்கும் ஆற்றலைக் கணிப்பது பற்றி



கடந்த மாத நிகழ்ச்சி முடிந்து நான் கலையகத்தை விட்டு வெளியே வருவதற்குள்ளேயே ஒரு சகோதரி தொலைபேசியில் காத்திருந்தார். கார்ட்டியர்வில் பக்கம் இருப்பவர். தகப்பனாருக்கு 79 வயது, ஒன்றரை வருடமாக மறதி. வைத்தியர் ஒரு கடிதத்தில் ‘இனாப்ட்’ என்ற சொல்லை எழுதிக் கொடுத்திருக்கிறார். “அக்கா, அப்பாவுக்கு விசர் எண்டு எழுதிப்போட்டினமோ? இனி அவரின்ர கையெழுத்து ஒண்டுக்கும் செல்லாதோ? வங்கியில எங்கட கையெழுத்தையும் எடுக்கினம் இல்லை. பிள்ளையள் தானே நாங்கள்?” என்று கேட்டார்.

ஒரே மூச்சில் மூன்று கேள்விகள். தொலைபேசியில் சொல்லி முடிக்கக்கூடிய விடயம் இல்லை என்பதால் இந்த மாத உரையை இதற்கென்றே ஒதுக்கினேன். அஹுன்ட்சிக்-கார்ட்டியர்வில் வட்டாரத்தில் இருக்கிற எங்கள் குடும்பங்களில் இந்தக் கேள்வி இப்போது அடிக்கடி எழுகிறது. 1986 ஆகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் மிதந்து வந்த 155 பேரை நினைத்துப் பாருங்கள். அவர்களில் பலர் மொன்றியலுக்கு வந்தார்கள். அன்று முப்பது வயது இளைஞனுக்கு இன்று எழுபது. அவர்களைத் தொடர்ந்து ஸ்பொன்சரில் வந்து சேர்ந்த பெற்றோர் பலருக்கு எண்பது தாண்டிவிட்டது.

முதலில் அந்தச் சொல்லைப் பார்ப்போம். ‘இனாப்ட்’ என்பதற்கு ‘விசர்’ என்று அர்த்தம் இல்லை. ஒரு குறிப்பிட்ட முடிவை விளங்கிக்கொண்டு எடுக்கும் ஆற்றல் இப்போது இவருக்குக் குறைவாக இருக்கிறது என்பதுதான் அர்த்தம். எங்கள் ஆட்களுக்கு இந்த இடத்தில் நெஞ்சு திக்கென்கிறதற்குக் காரணம் இருக்கிறது. இலங்கையில் இதற்கென்று இருந்த சட்டம் 1873ஆம் ஆண்டு ஆங்கிலேயர் எழுதியது. அங்கே ஒருவரைச் ‘சித்த சுவாதீனம் இல்லாதவர்’ என்று எழுதிவிட்டால் ஆளே முடிந்தது மாதிரி. அங்கொடை என்கிற ஊரின் பெயரையே வசைச் சொல்லாக்கி வைத்திருந்தோம். அந்தப் பயத்தைக் கப்பலிலும் விமானத்திலும் கூடவே கொண்டு வந்துவிட்டோம். அதனால்தான் பல வீடுகளில் அம்மாவின் மறதியை அயலுக்குத் தெரியாமல் மூடி வைக்கிறார்கள். கணிப்பு என்றதும் கதவைச் சாத்துகிறார்கள்.

கியூபெக்கின் குடியியல் சட்டக்கோவை 1994 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அது வேறுவிதமாகத் தொடங்குகிறது. வயதுவந்த ஒவ்வொருவரும் தன் காரியத்தைத் தானே தீர்மானிக்க வல்லவர் என்பதுதான் அதன் ஆரம்பம். ஆற்றல் இருக்கிறதென்று நீங்கள் நிரூபிக்கத் தேவையில்லை. இல்லை என்கிறவர்தான் நிரூபிக்க வேண்டும். வயது, நோயின் பெயர், பாஷை தெரியாமை, படிப்பு இல்லாமை எதுவும் தானாக ஒருவரின் உரிமையைப் பறிக்காது. வைத்தியரின் கடிதமும் தனியே பறிக்காது. பொதுவாக ஒருவரின் சட்ட உரிமைகளுக்கு எல்லை போடுவதற்கு நீதிமன்றத் தீர்ப்பு வேண்டும்.

இங்கே ஒரு பிரிவைக் கவனிக்க வேண்டும். இதைத்தான் பலர் போட்டுக் குழப்புகிறார்கள். சிகிச்சை ஒரு பாதை, பணமும் பத்திரமும் வேறு பாதை.

சிகிச்சை விடயத்தில், நோயாளிக்குச் சம்மதம் கொடுக்கும் ஆற்றல் இருக்கிறதா என்பதைக் கட்டில் பக்கத்தில் நிற்கும் வைத்தியரே பார்க்கிறார். இல்லை என்று கண்டால், ஏற்கெனவே சட்டப்படி நியமிக்கப்பட்டவர் இருந்தால் அவர் சம்மதம் கொடுப்பார். அப்படி ஒருவரும் இல்லையென்றால் கணவன் அல்லது மனைவி. பதிவுத் திருமணம் செய்யாமல் சேர்ந்து வாழ்ந்தவராக இருந்தாலும் அவர்தான். அவரும் இல்லையென்றால் நெருங்கிய உறவினர், அல்லது அந்த ஆளில் உண்மையான அக்கறை காட்டுகிற ஒருவர். மூத்த மகனுக்கென்று தனி இடம் சட்டத்தில் கிடையாது. கொள்ளி வைக்கிற உரிமை வேறு, இது வேறு. சம்மதம் கொடுப்பவரும் தனக்கு விருப்பமானதைச் சொல்லக்கூடாது. நோயாளியின் நன்மையை மட்டும் பார்த்து, அவர் முன்னர் சொல்லிவைத்த விருப்பத்தை இயன்றவரை மதித்துச் சொல்ல வேண்டும். ஆற்றல் குறைந்த நோயாளியே கூட “எனக்கு இது வேண்டாம்” என்று உறுதியாக மறுத்தால், அவசரநிலை போன்ற சில சந்தர்ப்பங்களைத் தவிர, குடும்பத்தின் கையெழுத்தை வைத்து அவரைக் கட்டாயப்படுத்த முடியாது. நீதிமன்ற அனுமதி வேண்டும். முதியோர் பராமரிப்பு இல்லத்தில் சேர்ப்பதற்கும் இதே விதிதான்.

பணம் வேறு. அப்பாவின் வங்கிக் கணக்கில் கைவைக்க, வீட்டை விற்க, அவர் பெயரில் ஒப்பந்தம் எழுத, பிள்ளை என்கிற ஒரே காரணம் போதாது. மனைவி என்கிற காரணமும் போதாது. அந்தச் சகோதரியின் மூன்றாவது கேள்விக்குப் பதில் இதுதான்: வங்கிக்காரர் அடாத்துச் செய்யவில்லை, சட்டப்படிதான் நடந்திருக்கிறார்.

சரி, ஆற்றல் இருக்கிறதா இல்லையா என்று எப்படிக் கணிக்கிறார்கள்? சிகிச்சைக்குச் சம்மதம் கொடுப்பது பற்றி கியூபெக் நீதிமன்றங்கள் ஐந்து விடயங்களைப் பார்க்கின்றன. நோவா ஸ்கோஷியா மாகாணத்தின் வைத்தியசாலைச் சட்டத்திலிருந்து எடுத்தவை. 1990களின் முற்பகுதியில் மொன்றியலின் பிலிப் பினெல் நிறுவனம் சம்பந்தப்பட்ட வழக்குகள் வழியாக இங்கே நிலைபெற்றன. தனக்கு என்ன வருத்தம் என்று விளங்குகிறதா, சொல்லப்படும் சிகிச்சை என்ன, எதற்காக என்று விளங்குகிறதா, அதைச் செய்தால் வரக்கூடிய ஆபத்து விளங்குகிறதா, செய்யாவிட்டால் வரக்கூடிய ஆபத்து விளங்குகிறதா, கடைசியாக, இவற்றை விளங்கிக்கொள்ளும் திறனையே அந்த வருத்தம் கெடுத்து வைத்திருக்கிறதா. இவ்வளவுதான். வைத்தியர் சொன்னதற்கு நோயாளி சம்மதித்தாரா என்பது இதில் இல்லை. பிழையான முடிவு எடுத்தாரா என்பதும் இதில் இல்லை.

இந்தக் கடைசி விடயம் எனக்கே விளங்கக் காலம் எடுத்தது. விளங்க வைத்தது இங்கிலாந்தில் நடந்த ஒரு வழக்கு. நீதிமன்றம் அவர் பெயரை மறைத்து ‘சி’ என்று மட்டும் குறிப்பிட்டது. 68 வயது, புரோட்மோர் பாதுகாப்பு வைத்தியசாலையில் நெடுங்காலம் இருந்தவர், கடுமையான மனநோயாளி. தான் உலகப் புகழ்பெற்ற வைத்தியர் என்றும் தன் கையில் ஒரு நோயாளியும் இறந்ததில்லை என்றும் நம்பியவர். 1993இல் அவருடைய காலில் அழுகல் ஏறிவிட்டது. முழங்காலுக்குக் கீழே எடுக்காவிட்டால் பிழைக்கிற வாய்ப்பு நூற்றுக்கு 15தான் என்று சத்திரசிகிச்சை நிபுணர் சொன்னார். இவர் காலை எடுக்க மறுத்துவிட்டார். நீரிழிவால் கால் விரல் இழந்தவர்கள் எங்கள் ஆட்களில் எத்தனை பேர் என்று உங்களுக்குத் தெரியும், அந்தக் கட்டிலைச் சுற்றி நடக்கிற பேச்சும் தெரியும். எங்கள் வீட்டில் என்றால் “விசர்க்கதை கதைக்கிறார், கையெழுத்தைப் போடுங்கோ” என்று முடித்திருப்போம். நீதிபதி அப்படி முடிக்கவில்லை. அவருடைய மனநோய் இந்த முடிவைக் கெடுத்ததா என்று மட்டும் பார்த்தார். கால் அழுகியிருப்பது அவருக்குத் தெரிந்திருந்தது, இறந்துவிடலாம் என்பதும் தெரிந்திருந்தது, இரண்டையும் நிறுத்துப் பார்த்துத்தான் மறுத்திருந்தார். ஆகவே காலை எடுக்கக்கூடாது என்று தீர்ப்பு. அந்த மனிதர் காலோடு பிழைத்துக்கொண்டார். பிழைக்காமல் போயிருந்தாலும் தீர்ப்பு சரியானதாகவே இருந்திருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

கனடாவின் உச்ச நீதிமன்றமும் 2003 ஜூனில் ஸ்கொட் ஸ்டார்சன் என்ற ஒன்ராறியோக்காரரின் வழக்கில் இதே வழியில் போனது. இருமுனை மனநோய் உள்ளவர், பௌதிகவியலில் அபார ஆர்வம் கொண்டவர். மருந்து தன் சிந்தனையை மந்தமாக்குகிறது என்று மறுத்தார். எடுத்தால் அவருக்கு நல்லது என்று மற்றவர்கள் நினைப்பது கேள்வியே அல்ல என்று பெரும்பான்மை நீதிபதிகள் சொன்னார்கள்.

இனி என் சொந்த வீட்டுக் கதை. பல வருடங்களாக மற்றக் குடும்பங்களுக்குத் தமிழுக்கும் பிரெஞ்சுக்கும் இடையில் மொழிபெயர்க்கப் போகிறவள் நான். என் வீட்டில் நான் செய்த பிழையை நேயர்களுக்குச் சொல்லத்தான் வேண்டும்.

என் மாமி, கணவரின் தாயார், அப்போது 84 வயது. சலபெறி வீதியில் ஒரு தொடர்மாடியில் தனியே இருந்தவ. மாசி மாதப் பனியில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, நகரத்தில் ஒரு வைத்தியசாலையில் சத்திரசிகிச்சை நடந்தது. நாலாம் நாள் அவவுக்குப் புத்தி தடுமாறியது. இரவில் யாழ்ப்பாணத்துக் கிணற்றடியைத் தேடினா. இரண்டு கிழமைக்குப் பிறகு, வீட்டுக்கு அனுப்புவதா பராமரிப்பு இல்லத்துக்கு அனுப்புவதா என்ற கேள்வி வந்தது. கணிப்புச் செய்ய ஒருவர் வந்தார். மொழிபெயர்ப்பாளர் கிடைக்கவில்லை, மருமகள் நான் நிற்கிறேன், தொழிலும் இதுதான், பிறகென்ன?

அவர் பிரெஞ்சில் கேட்டது: “வீட்டில் தனியே இருந்தால் என்ன ஆபத்து வரலாம் என்று சொல்ல முடியுமா?” நான் தமிழில் கேட்டது: “மாமி, தனிய வீட்டை போக உங்களுக்குப் பயமில்லையோ?” மாமி காதுக்கருவி போட்டிருக்கவில்லை. அது வீட்டில் அலுமாரிக்குள் கிடந்தது. என் வாயைப் பார்த்துவிட்டு “ஓம்” என்றா. அடுத்த கேள்வி, எங்கே இருக்க விருப்பம் என்று. மாமி சொன்னது: “பிள்ளையள் என்ன சொல்லினமோ அதுதான்.” நான் பிரெஞ்சில் சொன்னது: “அவவுக்குத் தெரியாதாம்.”

நான் பொய் சொல்ல நினைக்கவில்லை. அவ இல்லத்தில் இருந்தால் எனக்கு இரவில் நித்திரை வரும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அந்த நினைப்பு மொழிபெயர்ப்புக்குள் புகுந்துவிட்டது. கடிதத்தில், விருப்பத்தைத் தெரிவிக்க இயலாதவர் என்று எழுதப்பட்டது.

“பிள்ளைகள் சொல்வதுதான்” என்பது எங்கள் பேச்சில் தெரியாது என்கிற பதில் அல்ல. அது மரியாதை, சில நேரம் கோபம், சில நேரம் ‘நீங்கள் முதலில் சொல்லுங்கோ பார்ப்பம்’ என்கிற அழைப்பு. ‘ஓம்’ என்பதும் அப்படித்தான். சோதனைச்சாவடியில் நின்று பழகிய தலைமுறை அது. சீருடையோ கோப்போ வைத்திருக்கிறவர் எதைக் கேட்டாலும் ஓம் என்று சொல்லிவிட்டு உயிரோடு வீடு வந்து சேர்ந்தவர்கள். காகிதத்தில் கையெழுத்துப் போடச் சொன்னால் கை நடுங்குகிறவர்களும் இருக்கிறார்கள், அது மறதி வியாதியால் அல்ல. இவையெல்லாம் கணிப்புச் செய்ய வருகிற கியூபெக்காரருக்கு எப்படித் தெரியும்? நாங்கள்தான் சொல்ல வேண்டும். முக்கியமாக, ‘ஓம், இல்லை’ என்று பதில் வருகிற கேள்விகளை விட்டுவிட்டு, “உங்கட வாயால சொல்லுங்கோ, என்ன செய்யப் போகினம்?” என்று கேட்கச் சொல்ல வேண்டும்.

மாமியின் கதைக்கு வருகிறேன். சிறுநீரில் தொற்று இருப்பதைக் கண்டுபிடித்து மருந்து கொடுத்தார்கள். பத்து நாளில் கிணற்றடி மறைந்துவிட்டது. வேறொரு சமூக சேவையாளர் கோப்பைப் பார்த்துவிட்டு, குடும்பத்தைச் சேராத மொழிபெயர்ப்பாளர் வந்தால்தான் கதைப்பேன் என்றார். எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. காதுக்கருவியைக் கொண்டுவந்து போட்டோம், என்னை வெளியே இருக்கச் சொன்னார்கள். விழுந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டதற்கு மாமி சொன்ன பதிலைப் பிறகு மாமியே எனக்குச் சொன்னா: “கழுத்தில மணி ஒண்டு கட்டி விடுங்கோ, அமத்துறன். அது வேலை செய்யாட்டி விழுந்து கிடப்பன். இஞ்ச கட்டில்ல கிடக்கிறதுக்கும் அங்க நிலத்தில கிடக்கிறதுக்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. அங்க என்ர சாமிப்படம் இருக்கு.”

ஆபத்து என்னவென்று தெரிந்திருக்கிறது, அதற்கு ஒரு வழியும் தெரிந்திருக்கிறது, வழி தவறினால் என்ன என்பதையும் யோசித்திருக்கிறா, தனக்கு எது பெரிது என்றும் சொல்லியிருக்கிறா. எங்கே வாழ்வது என்பதைத் தீர்மானிக்க அவவுக்கு ஆற்றல் உண்டு என்று எழுதினார்கள். ஆனால் அதே நாளில், மாத வாடகை எவ்வளவு என்று கேட்டபோது “நூற்றைம்பது ரூபாய்” என்று சொல்லியிருக்கிறா. வங்கியில் எவ்வளவு இருக்கிறதென்றும் தெரியவில்லை. பண விடயத்தில் உதவி தேவை என்று அதையும் எழுதினார்கள். இரண்டும் ஒரே ஆளைப் பற்றி, ஒரே நாளில் எழுதப்பட்டவை, இரண்டும் உண்மை. ஆற்றல் என்பது மின்விளக்கு ஆளி மாதிரி ஒரேயடியாக எரிவதும் அணைவதும் அல்ல. ஒவ்வொரு முடிவுக்கும் தனித்தனி.

இந்த இடத்தில் அந்த முப்பது மார்க் பரீட்சையைப் பற்றியும் சொல்ல வேண்டும். மணிக்கூடு கீறச் சொல்வார்கள், மிருகங்களின் பெயர் கேட்பார்கள், சில சொற்களைச் சொல்லிவிட்டுப் பிறகு திருப்பிக் கேட்பார்கள். ‘மோகா’ என்பது அதன் சுருக்கப் பெயர், முழுப்பெயரில் மொன்றியலே இருக்கிறது. வைத்தியர் சியாட் நஸ்ரெடின் இங்கே உருவாக்கி 2005இல் வெளியிட்டது, இன்று உலகம் முழுக்கப் பாவிக்கிறார்கள். 26க்குக் குறைந்தால் மேலும் பார்க்க வேண்டும் என்பது வழக்கம். படிப்பு 12 வருடமோ அதற்குக் குறைவோ என்றால் ஒரு புள்ளி கூட்டிக் கொடுப்பார்கள். ஐந்தாம் வகுப்போடு தோட்டத்துக்குப் போனவருக்கு அந்த ஒரு புள்ளி காணுமா என்று கேட்டால், காணாது என்பேன். தமிழ் வடிவமும் இருக்கிறது, கேளுங்கள். (அந்தச் சொற்கள் எவை என்று இங்கே எழுதமாட்டேன். எங்கள் பிள்ளைகள் அம்மாவுக்குப் பாடமாக்கிக் கொடுத்துவிடுவார்கள், ஆண்டு ஐந்து புலமைப் பரிசில் மாதிரி.) இது நினைவாற்றலில் பிரச்சினை இருக்கிறதா என்று சலித்துப் பார்க்கிற கருவி மட்டுமே. இத்தனை புள்ளிக்குக் கீழே என்றால் ஆற்றல் இல்லை என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

கணிப்புக்கு முன்னர் குடும்பம் பார்க்க வேண்டிய சில விடயங்கள் உண்டு. காதுக்கருவியும் கண்ணாடியும் பல்லும் கையில் இருக்க வேண்டும். புத்தித் தடுமாற்றம் திடீரென்று, சில நாட்களுக்குள் வந்திருந்தால் தொற்று, புதிய மருந்து, மயக்க மருந்தின் பின்விளைவு, உடலில் நீர் குறைதல் போன்றவை காரணமாக இருக்கலாம். அவை தீரும்வரை நிரந்தரமான முடிவு எதையும் எழுதவேண்டாம் என்று கேளுங்கள். தைரொயிட் குறைபாடும், வருடக்கணக்காகச் சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 விற்றமின் குறைபாடும் மறதி மாதிரித் தோன்றலாம், இரத்தப் பரிசோதனையில் தெரியும். மனச்சோர்வும் அப்படித்தான். போரில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய் கேள்விக்குப் பதில் சொல்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தால் அதற்குப் பெயர் எப்போதும் மறதி வியாதி அல்ல. இன்னொன்று, முப்பது வருடம் சபனெல் வீதித் தையல் தொழிற்சாலைகளில் பிரெஞ்சு கதைத்தவருக்கும் இந்த வியாதியில் பின்னால் கற்ற பாஷை முதலில் கழன்று போகலாம். “இவருக்கு பிரெஞ்சு தெரியும்தானே” என்று தமிழ் மொழிபெயர்ப்பாளரை வேண்டாம் என்று சொல்லாதீர்கள். வைத்தியசாலையும் சீ.எல்.எஸ்.சி.யும் மொழிபெயர்ப்பாளரை ஒழுங்கு செய்யலாம். முன்கூட்டியே கேட்க வேண்டும்.

நீதிமன்றம் வரைக்கும் போகிற விடயமென்றால் இரண்டு அறிக்கைகள் தேவை: ஒன்று வைத்தியக் கணிப்பு, மற்றது சமூக சேவையாளர் செய்யும் உளசமூகக் கணிப்பு. முதலாவது மூளையைப் பற்றிச் சொல்லும், இரண்டாவது ஆள் எப்படி வாழ்கிறார், யார் துணை, எதைத் தானே செய்கிறார் என்று சொல்லும். என் பார்வையில் இரண்டாவதுதான் எங்கள் குடும்பங்களுக்கு முக்கியம், அதில்தான் நீங்கள் கதைக்கலாம். பிறகு சம்பந்தப்பட்டவரையே நேரில் கண்டு கேள்வி கேட்பார்கள். இந்த வட்டாரத்தில் இருப்பவர்கள் முதலில் போர்தோ-கார்ட்டியர்வில் அல்லது அஹுன்ட்சிக் சீ.எல்.எஸ்.சி.யைத் தொடர்புகொள்ளலாம், அல்லது 811ஐ அழைத்துச் சமூக சேவைப் பிரிவைக் கேட்கலாம்.

சட்டம் 2022 நவம்பர் 1ஆம் திகதி பெரிதாக மாறியது. அதற்கு முந்திய சட்டத்தில் ஒருவரின் உரிமை முழுவதையும் எடுத்துவிடுகிற ‘குராத்தெல்’ என்ற ஏற்பாடு இருந்தது. அது இப்போது இல்லை. ‘துத்தெல்’ என்ற ஒரே காப்பாளர் முறைதான், அதையும் ஆளுக்கேற்ற அளவில் நீதிமன்றம் வெட்டித் தைக்கிறது. எதைத் தானே செய்யலாம், எதைக் காப்பாளர் செய்யவேண்டும் என்று தனித்தனியே எழுதலாம். குறித்த காலத்துக்கொருமுறை மறுகணிப்பும் உண்டு. வீடு ஒன்றை விற்பது போல ஒரே ஒரு காரியத்துக்கு மட்டும் தற்காலிகப் பிரதிநிதி ஒருவரை நியமிக்கும் வழியும் வந்திருக்கிறது. அந்தக் காரியம் முடிந்ததும் அவர் பொறுப்பும் முடியும்.

அதைவிட எங்களுக்குப் பொருத்தமானது ‘உதவியாளர்’ ஏற்பாடு. ஆற்றல் இழக்காத, ஆனால் கொஞ்சம் தடுமாறுகிற ஒருவர் தானே விரும்பி, தனக்கு உதவியாளராக ஒருவரையோ இருவரையோ அங்கீகரிக்கும்படி ‘குராத்தேர் பியூப்ளிக்’ என்ற பொதுக் காப்பாளர் அலுவலகத்தைக் கேட்கலாம். அங்கே நேரடியாகக் கேட்டால் கட்டணம் இல்லை, நீதிமன்றமும் இல்லை, மூன்று வருடத்துக்குச் செல்லும், புதுப்பிக்கலாம். உதவியாளர் வங்கியோடும் அரச அலுவலகங்களோடும் அவருக்காகக் கதைக்கலாம், தகவல் கேட்டு வாங்கலாம். அவருக்குப் பதிலாகக் கையெழுத்துப் போட முடியாது, முடிவெடுக்கவும் முடியாது. மாமிக்கு இது அந்த நேரம் இருக்கவில்லையே என்று நான் நினைப்பதுண்டு.

ரொறன்ரோவில் இருக்கிற உறவினர்களின் ஆலோசனையைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். என் கணவரின் தமையனார் ஸ்காபரோவிலிருந்து “ஒரு பவர் ஒஃப் அற்றோர்னி எழுதினாக் காணும்” என்று தொலைபேசியில் சொல்லிக்கொண்டே இருந்தார். ஒன்ராறியோவில் அது சரி. அங்கே 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி எழுதிய தொடர் அதிகாரப் பத்திரம், ஆற்றல் போன பிறகும் நீதிமன்றம் போகாமலே செல்லும். கியூபெக்கில் ‘புறொக்குறாசியோன்’ என்கிற சாதாரண அதிகாரப் பத்திரம் ஆற்றல் உள்ள காலத்துக்கு உரியது. ஆற்றல் போன பிறகுள்ள காலத்துக்கு எழுதவேண்டியது ‘பாதுகாப்பு ஆணை’ என்கிற வேறு பத்திரம். அதை நொத்தாரிசிடம் எழுதலாம், அல்லது அதில் எந்த நலனும் இல்லாத இரண்டு சாட்சிகள் முன் கையொப்பமிடலாம். பொதுக் காப்பாளர் அலுவலகத்தின் மாதிரிப் படிவமும் இருக்கிறது. எழுதியவுடன் அது நடைமுறைக்கு வராது. ஆற்றல் போய்விட்டதென்று மேலே சொன்ன இரண்டு அறிக்கைகளும் வந்து, பத்திரத்தை நீதிமன்றம் உறுதிப்படுத்த வேண்டும். அதற்குச் சில மாதங்கள் பிடிக்கலாம்.

பாதுகாப்பு ஆணை எழுதுவதற்கே ஆற்றல் வேண்டும் என்பதுதான் இதில் உள்ள சிக்கல். மழை வந்த பிறகு கூரை வேயமுடியாது. ஆனால் மறதி என்று பெயர் வைத்துவிட்டால் எல்லாம் பிந்திவிட்டது என்றும் நினைக்க வேண்டாம். ஆரம்ப நிலையில் உள்ள பலருக்கு, தன் காரியத்தை யார் பார்க்கவேண்டும் என்று சொல்லத் தெரியும். சிக்கலான வீட்டுக் கடன் பத்திரம் விளங்காதவருக்கும், சின்ன மகளை நம்பலாமா மருமகனை நம்பலாமா என்பது விளங்கும்.

மாமி சலபெறி வீதி வீட்டுக்குத் திரும்பிப் பதினாலு மாதம் இருந்தா. கழுத்தில் அழுத்தும் பொத்தான், சீ.எல்.எஸ்.சி.யிலிருந்து குளிக்க வார்க்க ஒருவர், வாடகையும் வங்கியும் என் கணவர். இரண்டாம் முறை விழுந்தபோது பொத்தானை அமத்தினா. வைத்தியசாலையில் யாரும் கேட்க முன்னரே “இனிக் காணும் பிள்ளை, அந்த இடத்தில ஒரு கட்டில் பாருங்கோ, படத்தைக் கொண்டு போகலாமோ எண்டு முதல் கேளுங்கோ” என்று சொன்னா.

உரையைத் தொடக்கிவைத்த சகோதரியோடு இந்தக் கிழமையும் கதைத்தேன். வைத்தியரின் கடிதத்தைத் திரும்ப வாசித்துப் பார்த்தோம். முதலீட்டுக் கணக்குகளைத் தானே கையாள முடியாது என்று மட்டும்தான் அதில் இருந்தது. நொத்தாரிசு ஒருவர், தமிழ் மொழிபெயர்ப்பாளரோடு தகப்பனாரைத் தனியே சந்தித்துப் பார்த்த பிறகுதான் பாதுகாப்பு ஆணை எழுதலாமா என்று சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். நாள் குறிக்கிறபோது தகப்பனார் பக்கத்திலிருந்து ஒன்றே ஒன்று சொன்னாராம்: “காலமை பத்து மணிக்கு வைக்கச் சொல்லு பிள்ளை. பின்னேரம் எனக்கு மண்டை வேலை செய்யாது.”